மருத்துவமனைக்குள் ஒரு தோட்டம்: நோயாளிக்கு மட்டுமா, ஊருக்குமா?

(தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மருத்துவமனை என்றதும் உங்கள் நினைவுக்கு முதலில் வருவது எது? பெரும்பாலோர் ஒரு வாடையைச் சொல்வார்கள். கிருமிநாசினியும் மருந்தும் கலந்த அந்த வாடை. அடுத்து வெள்ளைச் சுவர், சன்னல் இல்லாத நீண்ட நடைவழி, தலைக்கு மேல் கண்ணைக் கூசச் செய்யும் குழல்விளக்கு, எப்போது அழைப்பார்கள் என்று எண் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் நெஞ்சு வலித்தால்கூடச் சொல்ல மாட்டார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வர மாட்டேன்" என்பார்கள். இதை வெறும் பிடிவாதம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அந்த அச்சத்தில் ஒரு பங்கு கட்டடத்தால் வருவது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இது சாதாரண விஷயம் அன்று. அச்சத்தால் ஒருவர் இரண்டு நாள் தாமதித்து வந்தால், காலில் உள்ள சிறு புண் காலையே எடுக்க வேண்டிய நிலைக்குப் போய்விடலாம். சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு நோய் சீனர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது என்பது நாம் அறிந்ததே. ஆக, மருத்துவமனையின் வாசலை அடிக்கடி மிதிக்கும் சமூகங்களில் நம் சமூகமும் ஒன்று. அந்த வாசல் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்க நமக்கு எல்லா உரிமையும் உண்டு.

இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு விடை எழுந்து நிற்கிறது. 2010ஆம் ஆண்டு ஈசூனில் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனைதான் அது. அந்தக் கட்டடம் எப்படி உருவானது, எந்தக் காரணத்துக்காக அப்படிக் கட்டப்பட்டது, அதனால் யாருக்கு என்ன பயன், அதில் உள்ள சிக்கல்கள் என்ன என்பதை இன்று பார்ப்போம்.

சன்னலுக்கு வெளியே ஒரு மரம்

மரம் செடிகளைப் பார்த்தால் மனம் குளிரும் என்பதை நம் பாட்டிமார்களே சொல்வார்கள். அதற்கு ஆய்வு எதற்கு என்று கேட்கலாம். மருத்துவமனை கட்டுவதற்குக் கோடிக்கணக்கில் பொதுப் பணம் செலவாகிறது. "மனம் குளிரும்" என்று சொன்னால் மட்டும் கணக்காளர்கள் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஆதாரம் வேண்டும்.

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பற்றி எழுதினார். நோயாளிக்கு முதல் தேவை தூய காற்று, அடுத்த தேவை வெளிச்சம் என்பது அவருடைய அனுபவம். இருபுறமும் உயர்ந்த சன்னல்கள் கொண்ட நீண்ட படுக்கைப் பிரிவுகளை அவர் வலியுறுத்தினார். உலகெங்கும் அந்த முறையில் மருத்துவமனைகள் எழுந்தன. பிறகு குளிர்சாதனமும் மின்விளக்கும் வந்தன. சன்னல் இல்லாமலும் கட்டடம் கட்டலாம் என்ற நிலை வந்ததும், மருத்துவமனைகள் இயந்திரப் பெட்டிகளைப் போல ஆகிவிட்டன.

1984ஆம் ஆண்டு ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் 'சயன்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டார். பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை நீக்க அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் எடுத்துக்கொண்டார். வயது, பாலினம், புகைபிடிக்கும் பழக்கம் முதலியவற்றில் ஒத்திருப்பவர்களை 23 இணைகளாகப் பிரித்தார். ஒவ்வோர் இணையிலும் ஒருவருடைய சன்னலுக்கு வெளியே மரங்கள். மற்றவருடைய சன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். அறை, மருத்துவம், கவனிப்பு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்.

மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் அறுவைச் சிகிச்சைக்குப் பின் சராசரியாக 7.96 நாள் தங்கினார்கள். சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாள் தங்கினார்கள். மரம் தெரிந்தவர்களுக்குக் கடுமையான வலிநிவாரணி மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. தாதியர் எழுதிவைத்த குறிப்புகளிலும் அவர்களைப் பற்றி, "அழுகிறார், ஊக்கம் தேவை" என்பன போன்ற வரிகள் குறைவாக இருந்தன.

2005ஆம் ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு சூரிய ஒளியைப் பற்றியது. முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 89 பேரில், வெளிச்சம் நிறைந்த பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட 46 விழுக்காடு கூடுதல் ஒளியைப் பெற்றார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட வலிநிவாரணி 22 விழுக்காடு குறைவு.

இவை சிறிய ஆய்வுகள். மரத்தைப் பார்த்தால் பித்தப்பைக் கல் கரைந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. மருந்துக்கும் மருத்துவருக்கும் மாற்றாக எந்தத் தோட்டமும் வர முடியாது. ஆனால் வலியும் கவலையும் ஒன்றையொன்று வளர்ப்பவை. கவலை குறைந்தால் தூக்கம் வரும். தூக்கம் வந்தால் உடல் தேறும். இந்த எளிய உண்மையைக் கட்டடக் கலைஞர்கள் காதில் போட்டுக்கொள்ள உல்ரிச்சின் ஆய்வு காரணமாயிற்று.

அலெக்சாண்ட்ராவில் கற்ற பாடம்

ஈசூன் மருத்துவமனையின் கதை ஈசூனில் தொடங்கவில்லை. தீவின் மறுபக்கத்தில் உள்ள அலெக்சாண்ட்ரா மருத்துவமனையில் தொடங்குகிறது. அது 1940ஆம் ஆண்டு ஆங்கிலேயப் படையினருக்காகத் திறக்கப்பட்ட பழைய கட்டடம். அகன்ற தாழ்வாரங்கள், உயர்ந்த கூரை, சுற்றிலும் புல்வெளி. நவீன வசதிகள் குறைவு என்று பலர் அதை இளக்காரமாகப் பார்த்த காலமும் உண்டு.

2000ஆம் ஆண்டு முதல் அங்குத் தலைமை நிர்வாகியாக இருந்த லியாக் டெங் லிட்டும் அவருடைய குழுவினரும் அந்தக் குறையையே நிறைவாக மாற்றினார்கள். புதிய கட்டடம் கட்டப் பணம் இல்லை. ஆகவே செடிகளை வைத்தார்கள். வண்ணத்துப்பூச்சிகளை ஈர்க்கும் செடிகளைத் தேடி நட்டார்கள். தோட்டத்தைப் பார்க்கவே ஆட்கள் வரலானார்கள். சுகாதார அமைச்சு நடத்திய நோயாளிகள் மனநிறைவு ஆய்வுகளில் அந்தப் பழைய மருத்துவமனை தொடர்ந்து முன்னணியில் வந்தது. அன்பான கவனிப்பும் பசுமையான சூழலும் சேர்ந்தால் பழைய சுவர்கள்கூடப் பொருட்டல்ல என்பது தெரியவந்தது.

அதே குழுவினரிடம்தான் வட வட்டாரத்துக்கான புதிய மருத்துவமனையைக் கட்டும் பொறுப்பு வந்தது. காலமான வங்கியாளர் கூ டெக் புவாட்டின் குடும்பத்தார் 125 மில்லியன் வெள்ளி நன்கொடை வழங்கியதால் அவருடைய பெயர் மருத்துவமனைக்குச் சூட்டப்பட்டது. கட்டடக் கலைஞர்களிடம் நிர்வாகம் வைத்த வேண்டுகோள் சற்று விந்தையானது. பொதுவாக மருத்துவமனைக்குள் நுழைந்தால் நமக்கு இரத்த அழுத்தம் ஏறும். இங்கு நுழைந்தால் அது இறங்க வேண்டும் என்பதே அந்த வேண்டுகோள். தோட்டத்துக்குள் ஒரு மருத்துவமனை, மருத்துவமனைக்குள் ஒரு தோட்டம் என்ற எண்ணம் அப்படிப் பிறந்தது.

காற்றை அழைத்து வரும் கட்டடம்

சுமார் 3.4 ஹெக்டர் நிலத்தில், தொடக்கத்தில் ஏறக்குறைய 550 படுக்கைகளுடன் அந்த மருத்துவமனை எழுந்தது. பக்கத்தில் ஈசூன் குளம். கட்டடப் பகுதிகள் ஆங்கில எழுத்தான 'வி' வடிவில் விரிந்து நிற்கின்றன. நடுவே பெரிய முற்றம். அந்த முற்றம் குளத்தை நோக்கித் திறந்திருக்கிறது.

முற்றம் என்ற சொல் நமக்குப் புதிதன்று. ஊரில் உள்ள பழைய வீடுகளில் நடுவே முற்றம் இருக்கும். வெயில் அதில் விழும், மழை அதில் விழும், சூடான காற்று அதன் வழியே மேலே போகும், சுற்றியுள்ள அறைகளுக்குக் குளிர்ந்த காற்று வரும். ஈசூனில் நடந்திருப்பதும் ஏறக்குறைய அதுவே. குளத்தின் மேல் வீசும் காற்று முற்றத்துக்குள் வருகிறது. அங்குள்ள மரங்களாலும் நீர்வீழ்ச்சியாலும் சற்றுக் குளிர்கிறது. பிறகு படுக்கைப் பிரிவுகளுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது.

ஆனால் சிங்கப்பூரில் காற்று பெரும்பாலும் மெதுவாகத்தான் வீசும். வடகிழக்குப் பருவக்காற்று ஒரு திசை, தென்மேற்குப் பருவக்காற்று மற்றொரு திசை. சுவரை ஒட்டியபடி கடந்து போகும் காற்று தானாகச் சன்னலுக்குள் திரும்பாது. அதைத் திருப்புவதற்காகக் கட்டடத்தின் வெளிப்புறத்தில் இறக்கைகளைப் போன்ற தகடுகளை நிறுத்தியிருக்கிறார்கள். ஓடும் பேருந்தின் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி உள்ளங்கையைத் திருப்பினால் காற்று முகத்தில் அடிக்குமே, அதே தத்துவம்தான். எங்கே எவ்வளவு அகலத்தில் தகடு வைப்பது என்பதைக் கணக்கிட்டு, சோதித்துப் பார்த்தே முடிவு செய்தார்கள்.

வெளிச்சத்துக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. சன்னலின் மேற்பகுதியில் உள்ள கிடைத்தகடுகள் நேர் வெயிலைத் தடுக்கின்றன. அதே வேளையில் ஒளியை உட்கூரையின் மீது வீசச் செய்கின்றன. அங்கிருந்து மென்மையான ஒளி அறையின் உட்பகுதிவரை பரவுகிறது. பகலில் விளக்கு குறைவாகவே தேவைப்படும். கட்டட, கட்டுமான ஆணையத்தின் பசுமைக் கட்டட விருதுகளில் உயரிய பிளாட்டினம் தகுதி இந்த மருத்துவமனைக்குக் கிடைத்ததற்கு இத்தகைய ஏற்பாடுகளே காரணம்.

யாருக்கு இந்தக் காற்று?

இங்குதான் முக்கியமான ஒரு நியாயம் அடங்கியிருக்கிறது. நம் அரசாங்க மருத்துவமனைகளில் ஏ, பி1, பி2, சி என வகுப்புகள் உண்டு. அதிகக் கட்டணம் செலுத்துவோருக்குக் குளிர்சாதன அறை. அதிக மானியம் பெறும் பி2, சி வகுப்புகளில் பொதுவாகக் குளிர்சாதனம் இருக்காது. பல இடங்களில் மானியப் பிரிவு என்றால், புழுக்கமும் மூலையில் சுழலும் மின்விசிறியும்தான் நினைவுக்கு வரும்.

ஈசூனில் சிறந்த காற்றோட்டத்தை யாருக்கு முதலில் கொடுப்பது என்ற கேள்விக்குக் கட்டடமே விடை சொல்கிறது. இறக்கைத் தகடுகளும், திறக்கும் சன்னல்களும், சன்னல் ஓரத்துச் செடிகளும் மானியப் பிரிவுகளை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. குறைந்த கட்டணத்தில் படுத்திருக்கும் முதியவரும் கண் விழித்தால் பசுமையைப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். அழகு என்பது காசு உள்ளவர்களுக்குக் கொடுக்கும் உபரிச் சலுகை என்று எண்ணாமல், மருத்துவத்தின் ஒரு பகுதி என்று எண்ணியதால் வந்த முடிவு அது.

காற்றோட்டத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. 2003ஆம் ஆண்டு சார்ஸ் நோய் நம் நாட்டில் 238 பேரைத் தொற்றி 33 பேரின் உயிரைப் பறித்தது. மருத்துவமனையே நோய் பரவும் இடமாகிவிடும் அபாயத்தை நாம் அப்போது கண்ணால் கண்டோம். காற்றில் பரவும் கிருமியைக் கட்டுப்படுத்த, அறைக் காற்று மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதைக் கணக்கிடுவார்கள். பெரு நாட்டின் லீமா நகர மருத்துவமனைகளில் செய்யப்பட்டு 2007ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில், கதவு சன்னல்களைத் திறந்து வைத்த அறைகளில் காற்று மணிக்கு 28 முறை அளவில் மாறியது. உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களில் 40 முறை மாறியது. இயந்திரக் காற்றோட்டம் உள்ள அறைகளில் 12 முறைதான். 2009ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனமும் மருத்துவமனைகளில் இயற்கைக் காற்றோட்டத்தைப் பயன்படுத்துவது குறித்து வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. பிறகு 2020இல் கொவிட்-19 வந்து, காற்றோட்டத்தின் அருமையை உலகம் முழுவதற்கும் உணர்த்தியது.

எல்லா இடத்திலும் சன்னலைத் திறந்து வைக்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. அறுவைச் சிகிச்சை அறைக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் வடிகட்டப்பட்ட காற்று கட்டாயம் தேவை. நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு மண்ணில் உள்ள பூஞ்சைகூட ஆபத்தாகலாம். ஆகவே செடிகள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. கண்ணுக்கு எட்ட வேண்டும், மூச்சுக்கு எட்டக் கூடாத இடங்களும் உண்டு. எங்கே திறப்பது, எங்கே அடைப்பது என்று பிரித்தறிவதில்தான் கட்டடக் கலைஞரின் திறமை இருக்கிறது.

இலையும் குளமும் தொண்டூழியரும்

இந்த மருத்துவமனையின் பசுமையை அளக்க ஓர் எண் உண்டு. அங்குள்ள செடி கொடி மரங்களின் இலைப்பரப்பைக் கணக்கிட்டு நிலத்தின் பரப்பால் வகுத்தால் ஏறக்குறைய 4 வருகிறது. அதாவது, கட்டடம் எடுத்துக்கொண்ட நிலத்தைப்போல் நான்கு மடங்கு இலை அங்கு இருக்கிறது. தரையில், மாடியில், நடைவழி ஓரத்தில், சன்னல் விளிம்பில், கூரைமேல் எனத் தளத்துக்குத் தளம் பசுமை. அடித்தளம்வரை வெளிச்சமும் செடியும் இறங்கி வருகின்றன.

பக்கத்தில் உள்ள ஈசூன் குளம் மழைநீரைத் தேக்குவதற்காக அமைந்த குளம். மருத்துவமனைக்கு அது சொந்தமில்லை. வேலியைப் போட்டுத் தன் எல்லையோடு நின்றிருக்கலாம். அப்படிச் செய்யாமல், அந்தக் குளத்தை மருத்துவமனை 'தத்து' எடுத்துக்கொண்டது. 2006இல் பொதுப் பயனீட்டுக் கழகம் தொடங்கிய, நீர்நிலைகளைத் துடிப்பும் அழகும் தூய்மையும் மிக்கவையாக மாற்றும் திட்டத்தின்கீழ், மற்ற அரசாங்க அமைப்புகளுடன் சேர்ந்து குளக்கரை சீரமைக்கப்பட்டது. நடைபாதை வந்தது. நீர்த்தாவரங்கள் வந்தன. பறவைகள் தாமாகவே வந்தன. மருத்துவமனைச் செடிகளுக்குக் குளத்து நீர் பாய்கிறது. குழாய் நீர் மிச்சமாகிறது.

கூரைமேல் பழமரங்களும் காய்கறிகளும் வளர்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்வதில் வட்டாரத் தொண்டூழியர்களுக்கும் பங்குண்டு. முன்பு நிலத்தை உழுது வாழ்ந்து, கம்போங் காலம் முடிந்ததும் வீவக வீடுகளுக்குக் குடிபெயர்ந்த மூத்தோர் சிலர் அங்கே மீண்டும் மண்வெட்டியைப் பிடித்தார்கள். நோயாளியாக வர வேண்டிய வயதில் தோட்டக்காரராக வருவதைவிடச் சிறந்த மருத்துவம் வேறென்ன இருக்க முடியும்?

இதனால் மருத்துவமனைக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த சுவர் மெல்லக் கரைந்தது. காலையில் நடைப்பயிற்சிக்கு வருவோர், பாடப் புத்தகத்துடன் வந்து உட்காரும் மாணவர்கள், சாப்பிட வரும் குடும்பங்கள் என நோயே இல்லாதவர்களும் அந்த முற்றத்துக்கு வருகிறார்கள். நோயாளியின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உறவினர்களும் அதே இடத்துக்கு வருகிறார்கள். நலமாக நடமாடுபவர்களைப் பார்ப்பதே நோயாளிக்கு ஒரு தெம்பு. நலமாக இருக்கும்போதே உள்ளே வந்து பழகியவருக்கு, நாளை உடல் நலிந்து வரும்போது அந்த வாசல் அந்நியமாகத் தோன்றாது. தொடக்கத்தில் நான் சொன்ன அச்சத்துக்கு இதுவே மருந்து.

வட வட்டாரத்துத் தமிழர்களுக்கு இந்த எண்ணம் எளிதில் விளங்கும். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர்கள் ஒரு மரத்தடியில் வழிபடத் தொடங்கிய இடம்தான், பின்னாளில் ஈசூனுக்கு இடம்மாறிய புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். கூரைக்கு முன்பே மரம் இருந்தது. மரத்தடியில் ஆட்கள் கூடினார்கள். கூடிய இடம் நிலைத்தது. எந்தப் பொது இடமும் மக்கள் மனத்தில் இடம்பிடிப்பது அப்படித்தான்.

2017ஆம் ஆண்டுக்கான முதல் ஸ்டீபன் கெல்லர்ட் விருது இந்த மருத்துவமனைக்குக் கிடைத்தது. மனிதருக்கும் இயற்கைக்கும் உள்ள பிணைப்பைக் கட்டடக் கலையில் கொண்டுவர வேண்டும் என்று வாதிட்ட அமெரிக்கப் பேராசிரியரின் நினைவாக நிறுவப்பட்ட அனைத்துலக விருது அது.

புகைமூட்டமும் கொசுவும் வெயிலும்

இவ்வளவு சொன்ன பிறகு குறைகளையும் சொல்வதே முறை.

முதலாவது, புகைமூட்டம். 2013 ஜூன் 21ஆம் தேதி நம் நாட்டில் காற்றுத்தூய்மைக் கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. காற்று நல்லதாக இருக்கும்போது திறந்த சன்னல் வரம். காற்றே நஞ்சானால் அது சாபம். அத்தகைய நாள்களில் சன்னல்களை மூடவும், காற்றைச் சுத்திகரிக்கும் கருவிகளைக் கொண்டுவந்து வைக்கவும் முன்கூட்டியே ஏற்பாடு தேவை. இயற்கைக் காற்றை நம்பிக் கட்டும் எந்த மருத்துவமனையும் இந்த இரண்டாம் திட்டத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, கொசு. செடியும் நீரும் இருக்கும் இடத்தில் இந்தக் கேள்வி வராமல் போகாது. 2020ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 35,000க்கும் அதிகமானோர் டெங்கிக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டார்கள். நீர் தேங்கும் இலையமைப்புள்ள செடிகளைத் தவிர்ப்பது, தொட்டிகளில் நீர் வடிய வழி செய்வது, கொசுப்புழுவைத் தின்னும் மீன்களைக் குளத்தில் விடுவது, வாரந்தோறும் சோதிப்பது ஆகியவை எல்லாம் ஓயாத வேலை. தோட்டம் போடுவது ஒரு நாள் விழா. தோட்டத்தைக் காப்பது அன்றாடக் கடமை. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத பசுமை, ஐந்தே ஆண்டில் நோய்க்கு இடமாகிவிடும்.

மூன்றாவது, வெயில். 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி செல்சியஸ் பதிவானது. 1983க்குப் பிறகு அவ்வளவு வெப்பம் அதுவே முதன்முறை. உலகம் வெப்பமடையும்போது, காற்றும் மின்விசிறியும் மட்டும் போதுமா என்ற கேள்வி மானியப் பிரிவுகளில் படுத்திருப்பவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. முதியவர்களின் உடல் வெப்பத்தைத் தாங்காது. இதற்கு இரண்டே வழி என்று எண்ண வேண்டியதில்லை. நிழலைக் கூட்டலாம். மிதமாகக் குளிரூட்டிய காற்றை மின்விசிறியுடன் சேர்த்துத் தரலாம். தேவைப்படும் நாள்களில் மட்டும் குளிரூட்டும்படி அமைக்கலாம். ஆனால் இதைப் பற்றி இப்போதே பேச வேண்டும்.

நான்காவது, திறந்த வாசலும் நோய்த்தொற்றும். ஊரை உள்ளே அழைத்தால் கிருமியும் உள்ளே வராதா? பொதுமக்கள் உலவும் இடம், புறநோயாளிகள் வரும் இடம், படுக்கைப் பிரிவுகள் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் பிரித்து, தேவைப்பட்டால் ஒவ்வொன்றையும் தனியே மூடும்படி கட்டுவதே இதற்கு விடை. கொவிட் காலத்தில் உலகெங்கும் மருத்துவமனைகள் வாசலை அடைத்தன. அடைக்கத் தெரிந்த வீட்டில்தான் தைரியமாகக் கதவைத் திறந்து வைக்க முடியும்.

பின் வந்தவை

ஈசூனில் கற்ற பாடம் அங்கேயே நின்றுவிடவில்லை. 2015ஆம் ஆண்டு ஜூரோங்கில் திறக்கப்பட்ட இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனையில் ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கத்தில் ஒரு சன்னல் இருக்கும்படி படுக்கைகள் விசிறி போன்ற அமைப்பில் வைக்கப்பட்டன. பல பேர் சேர்ந்து தங்கும் மானியப் பிரிவிலும் அப்படியே. நடுக்கட்டிலில் கிடப்பவருக்கு மட்டும் சுவரும் திரையுமே கதி என்ற பழைய நிலையை அது மாற்றியது.

அட்மிரல்டியில் எழுந்த கம்போங் அட்மிரல்டி, மூத்தோர் வீடுகள், உணவு நிலையம், மருத்துவ நிலையம், பாலர் பராமரிப்பு நிலையம், படிப்படியாக ஏறும் கூரைத் தோட்டம் ஆகியவற்றை ஒரே இடத்தில் அடுக்கி வைத்தது. 2018ஆம் ஆண்டு உலகக் கட்டடக் கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாக அது தேர்வு பெற்றது. மருத்துவரைப் பார்க்கப் போவதும் காய்கறி வாங்கப் போவதும் ஒரே வழி என்றால், மருத்துவரைப் பார்ப்பது எவ்வளவு எளிதாகிவிடும் என்று எண்ணிப் பாருங்கள். 2023 டிசம்பர் முதல் கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்ட உட்லண்ட்ஸ் மருத்துவ வளாகத்திலும் நோயாளிகளும் வட்டார மக்களும் உலவுவதற்கான தோட்டம் தொடக்கத்திலிருந்தே திட்டத்தில் இடம்பெற்றது.

நாம் செய்யக்கூடியது

கட்டடத்தைக் கட்டுவது அரசாங்கத்தின் வேலை, நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கும் வேலை உண்டு. நம்மவர்கள் நோயாளியைப் பார்க்கப் போனால் குடும்பத்தோடு போவோம். பத்துப் பேர் கட்டிலைச் சுற்றி நின்று ஒரே நேரத்தில் பேசுவோம். பாசம்தான் காரணம். ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குத் தூக்கம் போய்விடும். அப்படிச் செய்வதைவிட, மருத்துவரின் அனுமதி இருந்தால், அப்பாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து முற்றத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அரை மணி நேரம் மரத்தடியில் உட்காருங்கள். குளத்து மீனைக் காட்டுங்கள். பேரப்பிள்ளைகள் அங்கே ஓடி விளையாடட்டும். கட்டிலில் கிடந்தபோது பேசாதவர் அங்கே நாலு வார்த்தை பேசக்கூடும்.

இன்னொன்றும் செய்யலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மருத்துவமனைக்குப் போகவே அஞ்சும் உங்கள் வீட்டுப் பெரியவரை ஈசூன் குளக்கரைக்கு அழைத்துப் போங்கள். சுற்றி நடந்துவிட்டு, மருத்துவமனை முற்றத்தில் உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்புங்கள். மருத்துவர் வேண்டாம், பதிவு எண் வேண்டாம். "இதுதான் அந்த ஆஸ்பத்திரியா?" என்று அவர் கேட்பார். அடுத்த முறை நெஞ்சில் வலி வந்தால், அதை அவர் மறைக்காமல் சொல்லக்கூடும்.

ஒரு நல்ல மருத்துவமனைக் கட்டடம் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். நோயைக் குணப்படுத்துவது மருத்துவரின் கையில் இருக்கிறது. நோயாளியை அஞ்சாமல், தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுவந்து சேர்ப்பதில் ஒரு மரத்துக்கும், ஒரு குளத்துக்கும், திறந்திருக்கும் ஒரு வாசலுக்கும் பங்கு உண்டு.